பார வண்டியின் அச்சுகளும் பாதையின் விதிகளும்

கட்டை வண்டியில் நெல் மூட்டை அடுக்குபவர் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களை நன்கு அறிவார். மூட்டைகள் முன்பக்கம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும்; பின்பக்கம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிற்றை இறுக்கும். இரு நிலைகளிலும் மூட்டைகளின் எண்ணிக்கை ஒன்றே. அவை அச்சுக்கு முன்னும் பின்னும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பது மட்டுமே வேறு. முப்பது நாற்பது டன் எடையுடன் நெடுஞ்சாலையில் செல்லும் டிரெய்லர் லாரிக்கும் இவ்விதியே பொருந்தும். ஆனால் கட்டை வண்டியில் தவறு நேர்ந்தால் மாடுகள் உடனே தெரிவித்துவிடும். டிரெய்லரில் நேர்ந்த தவறு, பெரும்பாலும் இறக்கத்திலோ வளைவிலோதான் வெளிப்படும். அப்பொழுது திருத்துவதற்குக் காலம் இராது.

ஆகவே, ஒரு பார வண்டியின் மொத்த எடை எவ்வளவு என்று கேட்பது மட்டும் போதாது. அந்த எடையில் ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்குகிறது என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது வினாவின் விஞ்ஞான அடிப்படையையும், அதனையொட்டி நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள விதிகளையும் இங்கு காண்போம்.

புனேயும் மலைப்பாதைகளும்

இவ்வினாவின் முக்கியத்துவத்தை உணர்வதற்குப் புனே நகரம் தக்க இடமாகும். சாக்கண், போசரி, தளேகாவ் முதலிய பகுதிகளில் மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றுக்கு வேண்டிய எஃகுச் சுருள்களும் இயந்திரப் பகுதிகளும் டிரெய்லர்களில் வந்து சேருகின்றன. முடிந்த பொருள்கள் கன்டெய்னர்களில் நவசேவாத் துறைமுகத்துக்குச் செல்லுகின்றன. நகரம் தக்காணப் பீடபூமியின் மீது அமைந்துள்ளது. துறைமுகமோ கடல் மட்டத்தில் உள்ளது. இடையே சகியாத்திரி மலை நிற்கிறது. கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் போர்காட் மலைப்பாதை 1830ஆம் ஆண்டில் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை - புனே விரைவுச் சாலையும் இதே மலைச்சரிவைக் கடக்கவேண்டியதாயிற்று. பாதையின் தரம் உயர்ந்தது. ஆனால் இறங்கவேண்டிய உயரம் மாறவில்லை.

நகரின் தெற்கே மற்றொரு சரிவு உள்ளது. மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலை கட்ரஜ் சுரங்கப்பாதையிலிருந்து வெளிப்பட்டு, நவலே பாலத்தை நோக்கி நீண்ட தொலைவு தொடர்ந்து இறங்குகிறது. 2022 நவம்பர் 20 அன்று இரவு, இங்கு ஒரு கனரக வாகனம் கட்டுப்பாட்டை இழந்து, ஏறத்தாழ 48 வாகனங்கள் சேதமடைந்தன. இறக்கத்தில் எஞ்சின் நிறுத்தப்பட்டிருந்தது என்று முதற்கட்ட விசாரணையில் காவல்துறை தெரிவித்தது. 2025 நவம்பர் 13 அன்று அதே பகுதியில் ஒரு கன்டெய்னர் லாரி மற்ற வாகனங்களின் மீது மோதித் தீப்பற்றியதில் பலர் உயிரிழந்தனர். இவ்விபத்துகளுக்கு அச்சுப் பாரமே காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும், ஒரு பார வண்டி தன் பிடியை இழந்தால் அதன் விளைவைச் சாலையில் செல்லும் அனைவரும் ஏற்க நேரிடுகிறது என்பதை இவை காட்டுகின்றன.

டிரெய்லரின் அமைப்பு

நாம் சாலையில் பெரிதும் காண்பது அரை டிரெய்லர் எனப்படும் வகையாகும். இதற்கு முன்சக்கரங்கள் இல்லை. இதன் முன்பகுதி, இழுக்கும் வண்டியின் முதுகிலுள்ள ஒரு வட்டத் தகட்டின் மேல் அமர்ந்திருக்கும். டிரெய்லரின் அடியிலுள்ள கிங்பின் என்னும் தடித்த முளை அத்தகட்டினுள் பூட்டிக்கொள்ளும். டிரெய்லரின் பின்பகுதியை இரண்டு அல்லது மூன்று அச்சுகள் சேர்ந்து தாங்கும். இவ்வச்சுகளின் தொகுதியை அச்சுக் கூட்டு என்று குறிப்போம். ஓட்டுநர்கள் அச்சை ஆக்சில் என்றே வழங்குவர்.

ஆகவே, டிரெய்லரில் ஏற்றிய பாரம் இரண்டே இடங்களில் இறங்குகிறது: ஒன்று கிங்பின், மற்றொன்று அச்சுக் கூட்டு. கிங்பின்னில் இறங்கும் பங்கு, இழுக்கும் வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் மீண்டும் பிரிகிறது. கிங்பின் பின்னச்சுக்குச் சற்று முன்னே இருந்தால் அப்பங்கில் ஒரு சிறு பகுதி முன்னச்சுக்குச் சென்று, திசைதிருப்பும் சக்கரங்களைச் சாலையில் ஊன்றச் செய்யும். கிங்பின் பின்னச்சுக்குப் பின்னே அமைந்துவிட்டால் முன்னச்சு மேலெழ முற்படும், ஸ்டியரிங் இலேசாகிவிடும். இது கட்டை வண்டியின் பின்பாரமே.

நெம்புகோல் கணக்கு

பாரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை நெம்புகோல் விதி தெளிவாக்குகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கிங்பின்னுக்கும் அச்சுக் கூட்டின் மையத்துக்கும் இடையே 8 மீட்டர் தூரம். ஏற்றிய சரக்கு 24 டன். சரக்கின் எடைமையம் கிங்பின்னிலிருந்து 5 மீட்டர் பின்னே உள்ளது. அப்பொழுது அச்சுக் கூட்டு தாங்கும் பங்கு 24ஐ 5ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 15 டன். எஞ்சிய 9 டன் கிங்பின்னில் இறங்கும்.

இப்போது சரக்கு முழுவதையும் ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளி வைப்போம். அச்சுக் கூட்டின் பங்கு 18 டன்னாக உயரும். கிங்பின்னின் பங்கு 6 டன்னாகக் குறையும். ஒரு மீட்டருக்கு 3 டன் இடம் மாறிவிட்டது. ஒரு கிலோ சரக்குகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இக்கணக்கை விதியுடன் பொருத்திப் பார்ப்போம். இழுக்கும் வண்டிக்கு இரண்டு அச்சுகள், டிரெய்லருக்கு இரண்டு அச்சுகள் என்று கொள்வோம். சரக்கு இல்லாதபோது முன்னச்சில் 4.5 டன், ஓட்டும் பின்னச்சில் 3.5 டன், டிரெய்லரின் அச்சுக் கூட்டில் 4 டன் இருப்பதாகக் கொண்டால், வெற்று வண்டியின் எடை 12 டன். 24 டன் சரக்குடன் மொத்தம் 36 டன். இத்தகைய வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 39.5 டன். நான்கு டயர்கள் கொண்ட தனி அச்சுக்கு வரம்பு 11.5 டன், இரட்டை அச்சுக் கூட்டுக்கு வரம்பு 21 டன். கிங்பின்னில் இறங்கும் பாரத்தில் எட்டில் ஏழு பங்கு ஓட்டும் அச்சுக்குச் செல்வதாகக் கொள்வோம்.

சரக்கின் மையம் 5 மீட்டரில் இருந்தால், ஓட்டும் அச்சில் ஏறத்தாழ 11.4 டன், அச்சுக் கூட்டில் 19 டன். இரண்டும் வரம்புக்குள் உள்ளன.

மையம் 4 மீட்டருக்கு முன்னேறினால், கிங்பின்னில் 12 டன் இறங்கும். ஓட்டும் அச்சில் 14 டன் ஆகிவிடும். இது வரம்பைவிட 2.5 டன் மிகை.

மையம் 6 மீட்டருக்குப் பின்சென்றால், அச்சுக் கூட்டில் 22 டன் ஆகிறது. இது 1 டன் மிகை. அத்துடன் ஓட்டும் அச்சில் 8.75 டன் மட்டுமே எஞ்சுவதால், ஏற்றத்திலும் ஈரச்சாலையிலும் சக்கரங்களின் பிடி குறையும்.

மூன்று நிலைகளிலும் எடைமேடை காட்டும் மொத்தம் 36 டன்னே. மொத்தத்தை மட்டும் நோக்குபவர் மூன்றையும் சரியென்றே கொள்வார். உண்மையில் ஒன்றுதான் சரி. எஃகுச் சுருள் போன்ற சரக்குகளில் இத்தவறு எளிதில் நேரும். ஒரு சுருள் பல டன் எடையுள்ளது. ஆயினும் டிரெய்லரின் தளத்தில் சிறிதளவு இடத்தையே அடைக்கிறது. ஆகவே அதனை வைக்கும் இடம் தளத்தின் வெற்றிடத்தைக் கொண்டன்று, அச்சுகளின் இருப்பிடத்தைக் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டும்.

அச்சையே நகர்த்தினால்

சரக்கை நகர்த்துவதற்குப் பதிலாக அச்சுக் கூட்டை நகர்த்தினாலும் பங்கு மாறும். அமெரிக்காவில் பல டிரெய்லர்களில் அச்சுக் கூட்டு ஒரு சட்டத்தின் மேல் நகரும்படி அமைந்துள்ளது. ஓட்டுநர் முளைகளை விடுவித்து, அதனை முன்னும் பின்னும் நகர்த்தி, மீண்டும் பூட்டுவார். இதற்கும் எல்லை உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட நீண்ட டிரெய்லர்களில் கிங்பின்னிலிருந்து கடைசி அச்சு வரை 40 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 12.2 மீட்டருக்கு மேற்படலாகாது.

இந்த எல்லையின் காரணம் வளைவில் விளங்கும். டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே செல்வதில்லை. வளைவின் உட்பக்கமாக ஒதுங்கிச் செல்கின்றன. கிங்பின் 16 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தொடர்ந்து திரும்புவதாகக் கொள்வோம். அச்சுக் கூட்டு 8 மீட்டர் பின்னே இருந்தால், பித்தாகரஸ் தேற்றத்தின்படி அதன் தடத்தின் ஆரம் 13.9 மீட்டர், அதாவது 2.1 மீட்டர் உள்ளொதுங்கும். அதே அச்சுக் கூட்டு 10 மீட்டர் பின்னே இருந்தால் 3.5 மீட்டர் உள்ளொதுங்கும். லாரியின் முகப்பு கடந்துவிட்டது, வழி திறந்துவிட்டது என்று எண்ணி உட்பக்கம் நுழையும் இருசக்கர வண்டிக்காரர், பின்சக்கரங்கள் தம்மை நோக்கி வருவதைக் காண்பார். புனே போன்று இருசக்கர வண்டிகள் நிறைந்த நகரில் இது உயிர் பற்றிய கணக்காகும்.

மறுபுறம், அச்சுக் கூட்டை மிகவும் முன்னுக்குக் கொணர்ந்தால் அச்சுக்குப் பின்னே தொங்கும் பகுதி நீளும். வண்டி திரும்பும்போது அவ்வால்பகுதி எதிர்ப்புறம் வீசும்; ஓட்டும் அச்சின் பாரமும் குறையும். ஆகவே மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பின்தொங்கல் சக்கர இடைத்தூரத்தில் 60 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கின்றன.

நம் நாட்டு டிரெய்லர்களில் அச்சின் இடம் பொதுவாகத் தயாரிப்பின்போதே நிலைப்படுத்தப்படுகிறது. அந்த அமைப்பு உரிய பரிசோதனை நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட வேண்டும். 1966இல் புனேயில் நிறுவப்பெற்ற இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் அத்தகைய நிறுவனங்களுள் ஒன்று. பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆதலின் பட்டறையில் அச்சை வெட்டி நகர்த்துவது விதிக்குப் புறம்பானது. ஓட்டுநரின் கையில் எஞ்சியிருப்பது சரக்கின் இடம் ஒன்றே.

சாலை தாங்கும் சுமை

சாலையின் தேய்மானம் வண்டியின் மொத்த எடையைவிட, அச்சின் எடையையே பெரிதும் சார்ந்துள்ளது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கருகே 1958 முதல் 1960 வரை இதற்கென ஒரு பெரும் பரிசோதனை நடத்தப்பட்டது. தனியாக அமைத்த சாலைகளில் பல்வேறு எடையுள்ள லாரிகளை இடைவிடாது ஓட்டிச் சேதத்தை அளந்தனர். அச்சின் எடை கூடக்கூடச் சேதம், ஏறத்தாழ அவ்வெடையின் நான்காம் படிக்கு ஏற்ப மிகுகிறது என்று கண்டனர். அச்சின் எடை இருமடங்கானால் சேதம் 16 மடங்காகும்; 20 சதவீதம் மிகுந்தாலே சேதம் இருமடங்காகிவிடும்.

பங்கீட்டின் முக்கியத்துவம் இங்கும் விளங்குகிறது. இரண்டு அச்சுகள் தலைக்கு 10 டன் தாங்குவதையும், அவற்றுள் ஒன்று 8 டன்னும் மற்றொன்று 12 டன்னும் தாங்குவதையும் ஒப்பிடுவோம். மொத்தம் இரண்டிலும் 20 டன்னே. ஆயினும் நான்காம் படி விதியின்படி இரண்டாவது நிலையில் சேதம் ஏறத்தாழ 24 சதவீதம் மிகுதி. அச்சுக் கூட்டில் வில்பட்டைகளுக்கு இடையே உள்ள சமன்செய்யும் பகுதி தேய்ந்துபோனாலும், தூக்கக்கூடிய அச்சைப் பாரத்தின்போது தூக்கியே வைத்திருந்தாலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டாகும். அச்சேதத்தைச் சரிசெய்யும் செலவு பொதுப் பணத்திலிருந்தே செல்கிறது.

இறக்கத்தில் பிரேக்

கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ 500 மீட்டர். நம் எடுத்துக்காட்டின் 36 டன் வண்டி அவ்வுயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 600 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சின் தடுக்காத பங்கு பெரும்பாலும் பிரேக் டிரம்களில் வெப்பமாக மாறுகிறது. வெப்பம் மிகுந்தால் பிரேக் லைனிங்கின் உராய்வு குறையும், டிரம் விரிவடையும், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

இங்கு அச்சுப் பங்கீடு இருவகையில் குறுக்கிடுகிறது. மிகை பாரம் தாங்கும் அச்சின் சக்கரங்களைத் தடுக்க மிகுதியான பிரேக் விசை வேண்டும். குறை பாரம் தாங்கும் அச்சின் சக்கரங்களோ சிறிது அழுத்தியவுடன் சுழலாமல் இறுகிச் சறுக்கும். ஓட்டும் அச்சு இவ்வாறு சறுக்கினால், டிரெய்லர் பின்னிருந்து தள்ளி, இழுக்கும் வண்டியை மடக்குக் கத்தி போல் மடித்துவிடும். டிரெய்லரின் அச்சுகள் சறுக்கினால் அதன் வால் பக்கத்துப் பாதைக்கு வீசும். தக்க முறையில் பங்கிடப்பட்ட பாரத்தில், எல்லாச் சக்கரங்களும் தத்தம் பாரத்துக்கேற்ப வேலையைப் பகிர்ந்துகொள்ளும்.

எஞ்சினை நிறுத்தியோ, கியரை நியூட்ரலில் வைத்தோ இறங்குவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற எண்ணம் அபாயகரமானது. கியரில் இருக்கும் எஞ்சின் தானே ஒரு தடையாக நின்று பிரேக்கின் சுமையைக் குறைக்கிறது. எஞ்சின் நின்றால் அத்தடை நீங்குவதோடு, காற்று பிரேக்குக்கு வேண்டிய காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவது பழைய விதி. அது இன்றும் நல்ல விதியே. கியரை இறக்கம் தொடங்கும் முன்னரே மாற்றிவிட வேண்டும்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 58ஆம் பிரிவின்கீழ், ஒவ்வொரு அச்சும் தாங்கக்கூடிய பாதுகாப்பான எடையை மத்திய அரசாங்கம் அறிவிக்கிறது. 2018 ஜூலையில் இவ்வரம்புகள் உயர்த்தப்பட்டன. நான்கு டயர்கள் கொண்ட தனி அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை அச்சுக் கூட்டுக்கு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும், மூன்று அச்சுக் கூட்டுக்கு 24 டன்னிலிருந்து 27 டன்னாகவும் வரம்பு உயர்ந்தது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட வண்டி ஏற்றக்கூடிய எடை, அதன் பதிவுச் சான்றில் கண்ட எடையே ஆகும்.

114ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் வண்டியை எடைமேடைக்குக் கொண்டு செல்லுமாறு பணிக்கலாம். மிகை பாரத்தை இறக்குமாறு எழுத்து மூலம் ஆணையிடலாம். 2019இல் திருத்தப்பட்ட 194ஆம் பிரிவின்படி, மிகை பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு மிகை டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகை பாரத்தை இறக்கும் செலவும் சேரும். இறக்கும்வரை வண்டி நகர அனுமதி இல்லை. நிறுத்தி எடைபோட மறுத்தால் 40,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமையாளர் அல்லாதபோது, உரிமையாளரின் அறிவுடனோ ஆணையின்பேரிலோ குற்றம் நிகழ்ந்ததாக நீதிமன்றம் கொள்ளலாம் என 113ஆம் பிரிவு கூறுகிறது. சரக்கை ஏற்றும் இடத்தில் ஓட்டுநரின் சொல் எடுபடுவது அரிது. பொறுப்பு அவரோடு மட்டும் நின்றுவிடலாகாது என்பதே இதன் பொருள்.

களத்திலும் வகுப்பறையிலும்

எடைமேடையில் பணிபுரிவோர் வண்டியை ஒரே முறை நிறுத்தி மொத்தத்தை மட்டும் குறிப்பதோடு அமையலாகாது. முதலில் முன்னச்சை மட்டும் மேடையில் ஏற்றி எடை காண வேண்டும். அடுத்து இழுக்கும் வண்டியின் அச்சுகள் அனைத்தையும், பின்னர் டிரெய்லரின் அச்சுக் கூட்டை மட்டும் எடையிட வேண்டும். இரண்டாம் எடையிலிருந்து முதல் எடையைக் கழித்தால் ஓட்டும் அச்சின் பாரம் கிடைக்கும். மேடையும் அதன் இருபுறத்துத் தளமும் ஒரே மட்டத்தில் இருத்தல் அவசியம்; இல்லையேல் அச்சுகளின் எடை பிழைபடும். இரண்டாம், மூன்றாம் எடைகளின் கூட்டுத்தொகை மொத்த எடையோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் இவ்விதியை மிக எளிய சாதனங்களைக் கொண்டு விளக்கலாம். இரண்டு சமையலறைத் தராசுகளின் மேல் இரு பென்சில்களைக் குறுக்காக வைத்து, ஒரு மீட்டர் அளவுகோலை அவற்றின் மேல் கிடத்துக. ஒரு பென்சில் 10 சென்டிமீட்டர்க் குறியிலும், மற்றது 90 சென்டிமீட்டர்க் குறியிலும் இருக்கட்டும். முதலாவது கிங்பின், இரண்டாவது அச்சுக் கூட்டு. இந்நிலையில் தராசுகளைச் சுழியத்துக்குக் கொணர்ந்து, 240 கிராம் எடையை 60 சென்டிமீட்டர்க் குறியில் வைத்தால், தராசுகள் 90 கிராமும் 150 கிராமும் காட்டும். எடையை 70 சென்டிமீட்டர்க் குறிக்கு நகர்த்தினால் 60 கிராமும் 180 கிராமும் காட்டும். ஒரு கிராமை 100 கிலோவாகவும், 10 சென்டிமீட்டரை 1 மீட்டராகவும் கொண்டால், நாம் மேலே கண்ட டிரெய்லரே மேசை மீது நிற்கும்.

இப்பரிசோதனையைக் கண்ட மாணவருள் சிலர் நாளை லாரி ஓட்டுவர். சிலர் கிடங்கில் சரக்கு ஏற்றுவர். பலர் இருசக்கர வண்டியில் அந்த லாரிக்கு அருகே செல்வர். பாரம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்கும் பழக்கம் இவர்கள் அனைவருக்கும் பயன்படும்.